சிரிப்பைச் சொல்லாத சோதனை

இளங்கலையில் ஆய்வுகளின் முடிவைப் படித்தோம். ஆம்ஸ்டர்டாமில் உளவியல் ஆய்வு முதுகலைக்கு வந்தபின் செய்முறையைச் சுவைக்கப் பழகுகிறோம். இரண்டு ஆண்டு, 120 கிரெடிட் படிப்பில் எனக்குக் கிடைத்த பேரின்பம் இதுதான்.

ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் இரு சகாக்களும் 1988இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். முகம் சிரித்தால் மனமும் மகிழுமா என்பது கேள்வி. ‘சிரியுங்கள்’ என்று சொன்னால் வந்தவர் நோக்கத்தை ஊகித்துவிடுவார். சிரிப்பு என்ற பேச்சே எழாமல் சிரிப்பின் தசை மட்டும் அசைய வேண்டும். அதற்கு ஒரு பேனா போதுமாக இருந்தது! உதடு படாமல் பற்களால் கவ்வினால் கன்னம் தானே மேலேறும். உதடுகளைக் குவித்துப் பிடித்தால் சிரிக்க வராது.

கைகளைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு உதவும் ஆய்வு என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தார்கள். முதலில் எண்களைக் கோட்டால் இணைக்கும் வேலை, அடுத்து உயிரெழுத்துகளுக்கு அடிக்கோடு. அதன் பிறகே கேலிச் சித்திரங்கள் வந்தன. எவ்வளவு வேடிக்கை என்று 0 முதல் 9 வரை அதே பேனாவால் குறிக்க வேண்டும். அதற்குள் இதுவும் இன்னொரு பேனா வேலையாகிவிடுகிறது. என்ன அருமையான வரிசை!

மூன்றாவது குழுவினர் பேனாவைக் கையில் பிடித்தார்கள், ஆனால் வழக்கமாக எழுதாத கையில். மற்ற இரு குழுக்களுக்கும் உள்ள தடுமாற்றம் இவர்களுக்கும் வேண்டுமே! இந்த ஒரு வரியில் எவ்வளவு யோசனை! சராசரிகள்: பற்கள் 5.14, கை 4.77, உதடு 4.32.

எங்கள் பல்கலைக்கழகத்தின் எரிக்-யான் வாகன்மேக்கர்ஸ் தலைமையில் 17 ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து 2016இல் வெளியிட்டன. 0.82 ஆக இருந்த வேறுபாடு 0.03 ஆகிவிட்டது. பேனாவைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று பார்க்க இம்முறை கேமரா வைத்திருந்தார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வு குறுக்கிட்டதோ? 2018இல் ஜெருசலேமில் ஒரு குழு இரு விதமாகவும் செய்து பார்த்தது. கேமரா இல்லாதபோது விளைவு தென்பட்டது, இருந்தபோது தென்படவில்லை. இங்கேதான் முதுகலை மாணவரின் காது கூர்மையாகிறது. ஒன்றில் தென்பட்டது, மற்றதில் தென்படவில்லை என்பதாலேயே இரண்டும் வேறுபட்டுவிடுமா? அந்த வேறுபாட்டையே தனியாகச் சோதித்தால் சான்று அவ்வளவு வலுவாக இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. முகம் சிரித்தால் மனமும் மகிழும் என்ற கருத்தை ஏற்றவர்களும் ஐயப்பட்டவர்களும் சேர்ந்தே செய்முறையை வகுத்து, 19 நாடுகளில் 3,878 பேரிடம் சோதித்து, 2022இல் வெளியிட்டார்கள். சிரித்த முகத்தைப் பார்த்து அதுபோல் முகத்தை வைத்துக்கொண்டவர்களிடம் மகிழ்ச்சி கூடியது. பேனா முறைக்கு மட்டும் தெளிவான விடை வரவில்லை. அதையும் இரு தரப்பும் சேர்ந்தே எழுதி வைத்தார்கள்.