சோழமண்டலமும் நம் ஆலயச் சுவர்களும்

நவீன ஓவியம் என்றதும் நம் சபையாரில் பலர் முகம் சுளிப்பதையும், ஆயர்களில் சிலர் நகைத்து விலகுவதையும் நாம் அறிவோம். புரியாத ஒன்றைப் பற்றிப் பேசிப் பயன் என்ன என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்துள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் அதன் அருங்காட்சியகத்தையும் முன்வைத்து ஆராய்வோம்.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர் பலர் கூடி 1966ஆம் ஆண்டில் இக்கிராமத்தை நிறுவினர். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாத காலம் அது. எனவே அவர்கள் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினர். கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே நற்செய்தி அறிவித்த பவுலை நினைவில் கொள்வோர்க்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது. சென்னை இயக்கத்தைச் சேர்ந்த கலைஞர்களின் படைப்புகளைக் காக்கும் அருங்காட்சியகம் 2009இல் இங்குத் திறக்கப்பெற்றது.

இவ்வியக்கம் நமக்குக் கூறுவது யாது? முதலாவதாக, பணிக்கர் 1963 முதல் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையை நோக்குவோம். சாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும் அப்படங்களில் நிறைந்துள்ளன. ஆயின் அவ்வெழுத்துகளை எவராலும் வாசிக்க முடியாது. கற்றவரும் அவற்றின் முன் கல்லாதவராய் நிற்கிறார். வார்த்தையையே முதன்மையாகக் கொண்ட சீர்திருத்தத் திருச்சபையாராகிய நாம் இங்கே சற்று நிற்பது நலம். வடிவம் மாறாதிருந்து பொருள் மட்டும் கைநழுவிய சொற்களை நாம் பிரசங்க பீடத்திலிருந்து பேசுவதில்லையா? நம் இறையியற் கலைச்சொற்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு இவ்வாறே தோன்றக்கூடும். பணிக்கர் நமக்காக இதனைத் தீட்டினார் என்று நாம் கூறவில்லை. எனினும் அப்படத்தின் முன் நிற்கும் ஆயர் தம்மைச் சோதித்தறியாமல் திரும்புதல் அரிது.

இரண்டாவதாக, கிறிஸ்துவின் உருவத்தை இவ்வியக்கத்தார் புறக்கணிக்கவில்லை. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து உருவாக்கிய சிற்பங்களில் கிறிஸ்துவும் உண்டு. அல்போன்சோ அருள்தாஸ் கிறிஸ்துவைப் பலமுறை வரைந்தார். நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிக் கிறிஸ்துவோ இன்றும் ஐரோப்பிய முகத்துடன் சலனமின்றிப் புன்னகைக்கிறார். ஏசாயா 53ஆம் அதிகாரம் காட்டும் ஊழியரிடத்தில் கண்ணைக் கவரும் அழகு இல்லை. அடிபட்ட உலோகம் அவ்வதிகாரத்திற்கு அச்சிட்ட வண்ணப்படத்தினும் நெருங்கி நிற்கிறது என்பது நம் துணிபு.

ஆயினும் இவ்வருங்காட்சியகத்தை நாம் குறையின்றிப் போற்ற இயலாது. இங்கே உருவம் வணங்கப்படுவதில்லையாதலால் விக்கிரக ஆராதனை என்னும் பழைய குற்றச்சாட்டு பொருந்தாது. இங்குள்ள ஆபத்து வேறு வகையானது. காண்பவர் கண்டு மகிழ்ந்து, தம் வாழ்வில் ஒன்றும் மாறாமல் வெளியேறலாம். மேலும், நாட்டார் கலையிலிருந்தும் கோயிற் கலையிலிருந்தும் இவ்வியக்கம் பெற்றது மிகுதி. ஆனால் அக்கலைகளை வழிவழியாய்ப் பேணும் கைவினைஞர் பெயரற்றவராகவே நிற்கின்றனர். கலைஞர் என்றும் கைவினைஞர் என்றும் பிரிக்கும் இவ்வழக்கத்தை யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் அறியாது. அங்கே பெசலெயேல் மரத்தையும் பொன்னையும் கல்லையும் ஒருங்கே கையாளத் தேவ ஆவியால் நிரப்பப்படுகிறான்.

இவ்விடத்தில் நாம் கள்ளக்குறிச்சியை எண்ணிப் பார்க்கிறோம். கல்வராயன் மலை அடிவாரத்திலுள்ள இம்மாவட்டத்தின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. மரம் செதுக்குவோர் கையில் இன்றும் உளி இருக்கிறது. ஆனால் நாம் ஆலயம் கட்டுகையில் பிரசங்க பீடத்தையும் சிலுவையையும் தொலைநகரத்துக் கடைகளில் விலைக்கு வாங்குகிறோம். தெய்வ உருவங்களைச் செதுக்கும் கை நம் ஆலயத்திற்கு ஆகுமோ என்று சிலர் வினவலாம். சாலொமோனின் ஆலயத்திற்கு வெண்கல வேலை செய்தவன் தீருவிலிருந்து வந்த ஈராம் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

இது வெறும் அலங்காரத்தைப் பற்றிய வினா அன்று. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாள்களில் ஒரு விதவை ஆலயத்தினுள் வந்து அமர்ந்தால், அவள் கண் எதன்மேல் தங்கும்? ‘வருக’ என்னும் வண்ணத் தாள் எழுத்துகளின் மேலா? புன்னகை மாறாத நாட்காட்டியின் மேலா? புலம்பலுக்குத் திருமறையில் ஒரு முழு நூலே இடம் பெற்றிருக்க, நம் சுவர்களில் அதற்கு ஓரங்குல இடமும் இல்லை. இக்குறையை உணர்த்துவதே சோழமண்டலம் நமக்குச் செய்யும் உதவி எனலாம்.

ஆகவே இறையியல் மாணவர் சோழமண்டலத்தைச் சென்று காணட்டும். புரியவில்லை என்று அஞ்சாமல் ஒரே படத்தின் முன் அரைமணி நேரம் அமரட்டும். பின்னர்த் தம் சேகரத்திற்குத் திரும்பி, அவ்வூர்த் தச்சரையோ சிற்பியையோ தேடிச் சென்று, சிலுவையின் செய்தியை எடுத்துரைத்து, அவர் கேட்கும் வினாக்களுக்குச் செவிகொடுக்கட்டும். வேலைக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கட்டும். அவ்வுரையாடலிலிருந்து பிறக்கும் சிலுவை செப்பமற்றதாயிருப்பினும், துயருற்றோர் அதனைத் தம்முடையது என்று அறிந்துகொள்வர்.