பத்து மீட்டர் கம்பி

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி சொந்த செட்டில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு வானொலி என்றால் எனக்கு உயிர். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று யாராவது கேட்டால், உடனே பாரதி பிரசாத் என்ற ஹாமைப் பற்றித்தான் ஆரம்பிப்பேன்.

2004 டிசம்பரில் அவர் தன் குழுவினரோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. வி.யு.4 என்று தொடங்கும் அந்தமான் கால் சைன் (நிலையத்தின் அழைப்புக் குறி) காதில் விழாதா என்று உலகம் முழுக்க ஹாம்கள் தவம் கிடந்தார்கள். 26ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது, பின்னாலேயே சுனாமி. தொலைபேசி இல்லை. அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? உலகத்தோடு பேசிக்கொண்டிருந்த அதே செட்டை மீட்புப் பணிக்குத் திருப்பிவிட்டார்! குழுவிலிருந்து சிலர் கார் நிக்கோபார் தீவுக்கே செட்டோடு போனார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்துக் கிடந்த குடும்பங்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.

செல்போனுக்கு டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும், நடுவில் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு செட், 12 வோல்ட் கார் பேட்டரி, இரண்டு தென்னைக்கு நடுவே பத்து மீட்டர் கம்பி. அவ்வளவுதான்! 14 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலம் வரை போய், வளைந்து திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவசரகால நெட்டில், அதாவது ஒரே அலைவரிசையில் ஹாம்கள் கூடிச் சேதி பரிமாறுவதில், இருக்கும் ஒழுங்கு. பயிற்சி நெட் நடக்கும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதை நடத்தும் நெட் கன்ட்ரோல் ஒருவர்தான். அவர் கூப்பிடாமல் யாரும் மைக்கைத் தொட மாட்டார்கள். இரைச்சலுக்குள் எங்கோ ஒரு மெல்லிய குரல். "கிலோ, அல்ஃபா, நவம்பர், நவம்பர், அல்ஃபா, நவம்பர்." கண்ணன்! பெயர், ஊர், போன் நம்பர், 'நலமாக இருக்கிறேன்.' எழுதிக்கொண்டவர் ஓர் எழுத்து விடாமல் திருப்பிப் படிக்கிறார். அந்தப் பக்கம் "ரோஜர்" சொன்ன பிறகுதான் அடுத்த ஆள். வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் நாங்கள்; ஈனஸ்வரமான ஒரு குரலுக்காக அத்தனை பேரும் மூச்சடக்கிக் காத்திருப்போம். இதற்கு ஒரு பைசா கூலி கிடையாது, வாங்கவும் கூடாது.

12 வயது ஆனாலே போதும், மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்கலாம். ஓம் விதி, கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சட்டம், இவ்வளவுதான் பாடம். வீட்டில் துறுதுறுவென்று ஒரு பிள்ளை இருந்தால் இந்த லீவிலேயே உட்கார வையுங்கள். நீங்களும் சேர்ந்து எழுதுங்கள்!