‘தாக்கம்’ என்னும் சொல்லும் ஆரணித் தறியும்

பல துறை மாணவர் ஒருங்கு கூடிச் செய்யும் ஆய்வுகளுள், ‘தகவல் தொழில்நுட்பம் சமுதாயத்தில் ஏற்படுத்தும் தாக்கம்’ என்பது பலகாலும் எடுத்தாளப்பெறும் தலைப்பு. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியின் பட்டு நெசவை இத்தலைப்பின்கீழ் ஆராயப் புகுவோர்க்கு, அதன் ஈற்றுச் சொல்லே முதல் இடர்ப்பாடு ஆகும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தாக்குவது ஒன்று, தாக்குண்பது பிறிதொன்று. முன்னது புறத்தே நின்று வருவது. பின்னது வாளா ஏற்பது. இக்கருத்து ‘தாக்கம்’ என்னும் சொல்லின்கண் அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின், வினாநிரல் வகுக்கும்போதே நெசவாளர் தாக்குண்பாராக வைக்கப்படுகின்றார். கைப்பேசி உண்டா, வருவாய் குறைந்ததா என்று அவரை வினவுவர். அவர் அறிவது யாது என்று வினவார்.

உண்மை வேறு. சேலையின் கரையும் முந்தியும் பூவேலை பெறுதற்குத் தறியின்மேல் அமைவது ஜக்கார்டுப் பெட்டி. அதிற் கோத்த அட்டைகளில் துளையுள்ள இடத்துப் பாவிழை எழும். துளையில்லா இடத்து எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் கோலம் முழுதும் எழுதப்படுகின்றது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த இத்துளையட்டை முறையையே பின்னர்ப் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு மேற்கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையை ஹோலரித்தின் துளையட்டைப் பொறிகள் கணக்கிட்டன. எனவே, கணினி தறிக்கு முற்றும் புறத்ததன்று, தறியிடம் கடன்பட்டது.

இழப்பே இல்லை என்பது எம் கருத்தன்று. மின்னணு ஜக்கார்டு வருமிடத்து அட்டை துளைப்போர்க்கு வேலை அறும். ஒருவர் வரைந்த கோலம் கைப்பேசிப் படமாய் நொடியில் வேற்றூர் விசைத்தறியை அடையலாம். சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் துணிவகையைக் காக்குமேயன்றி, ஒருவர் வரைந்த கோலத்தைக் காவாது. கோலம் யாருடையது, ஊதியம் யார்க்கு என்பனவே விடை வேண்டும் வினாக்கள். ‘தாக்கம்’ என்னும் பொதுச்சொல் அவற்றை மறைக்கின்றது; அடித்த கையை விட்டு அடியை மட்டும் காட்டுகின்றது.

ஆகவே, பொருளியல் மாணவர் கூலியையும் பொறியியல் மாணவர் தறியையும் ஆராய்க. தமிழ் மாணவர்க்கு உரியது யாது? நூல் யாத்தலை நூல் நூற்றலோடு ஒப்பிடும் நன்னூற் பாயிரத்தைப் பயின்றவர் அவர். தறியருகே அமர்ந்து, நெசவாளர் தம் வினைக்கும் கருவிக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் அவர் கடன். அத்தொகுப்பின்றி வினாநிரல் வகுப்பது, மொழியறியாதான் பாட்டிற்கு உரை வரைவதை ஒக்கும். தலைப்பிலும் ‘தாக்கம்’ நீக்கி ‘உறவு’ என வைத்தல் நன்று. யார்க்கும் யார்க்கும் இடையே என்னும் வினாவை அச்சொல் தானே எழுப்பும். ஆய்வும் நேர்படும் என்பது எம் துணிபு.