வினையிலிருந்து கலைச்சொல்லுக்கு: தொடக்க வாசிப்பு அறிவியல் நூல்களின் தமிழ்

1. முன்னுரை

பெங்களூரில் 1898-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த குடியிருப்பு பிரேசர் டவுன். மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் வழங்குவது. புலிகேசி நகர் என்பது அதன் இன்றைய அலுவல்முறைப் பெயர். கண்டோன்மெண்டைச் சார்ந்த இப்பகுதியில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இங்கு வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், வகுப்பறையில் ஆங்கிலமும் வழங்க வளரும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து பெரும்பாலும் பாடநூல் வழியாக வருவதில்லை. பெற்றோர் கையில் எடுத்துத் தரும் சிறு படக்கதை நூல் வழியாகவே வருகிறது. அந்நூல் அறிவியலைப் பேசுமானால் அதன் பொறுப்பு இரட்டிப்பாகிறது. அறிவு தமிழிலும் உண்டா என்ற வினாவிற்குக் குழந்தை பெறும் முதல் விடை அதுவே. இவ்வகை நூல்களின் மொழி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தமிழில் சிறுவர் அறிவியல்: ஒரு பின்னணி

தமிழில் அறிவியலை எளிமையாக எழுதும் முயற்சி நூற்றாண்டுப் பழமை உடையது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் கலைச்சொல்லாக்கத்திற்கெனக் கழகம் கண்டனர். பெ. நா. அப்புசாமி (1891-1986) வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் அறிவியல் கட்டுரைகளை எழுதினார். கல்வி கோபாலகிருஷ்ணன் அறிவியலைக் கதை வடிவில் சிறுவர்க்குத் தந்தார். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் வெளிவரலாயிற்று.

இம்மரபு பெருமைக்குரியது. ஆயினும் இதன் வாசகர் யார் என்பது நோக்கத்தக்கது. மேற்கண்டவை பெரும்பாலும் சரளமாகப் படிக்கத் தெரிந்த சிறுவரை முன்னிறுத்துபவை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு அறிவியலைச் சொல்லும் நூல் வேறோர் இனம். அங்கு வாசிக்கக் கற்பதும் உலகை அறியக் கற்பதும் ஒரே செயலாகின்றன. கலைக்களஞ்சியத்தின் எளிய நடையும் அக்குழந்தைக்கு எளியது அன்று.

3. பெங்களூரிலிருந்து வரும் படிநிலை நூல்கள்

இவ்வினத்தைப் பெருமளவில் வளர்த்த நிறுவனங்களுள் ஒன்று, பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ். இடி எங்கிருந்து வருகிறது, பொருள்கள் ஏன் மேல்நோக்கி விழுவதில்லை போன்ற வினாக்களைத் தம்பி அக்காவிடம் கேட்பதாக ரூபா பாய் எழுதிய வரிசை இங்கிருந்து வந்தது. ராஜீவ் ஐப்பின் அம்மாச்சி கதை பொறியியலையே பொருளாகக் கொண்டது. சூரஜ் என்னும் சிறுவனும் அவன் அம்மாச்சியும் தேங்காய் பர்பி செய்யப் புறப்பட்டு, வழியில் எளிய எந்திரங்களின் துணையை நாடுவதே கதை. பொறியியல் இங்குத் தொழிற்சாலையில் தொடங்காமல் அடுப்பங்கரையில் தொடங்குகிறது. அதைக் கற்பிப்பவர் ஒரு பாட்டி. 'அம்மாச்சி' மலையாளத்திற்கும் தமிழகத்தின் சில வட்டாரங்களுக்கும் பொதுவான உறவுப்பெயராதலால் தமிழ் வாசகர்க்கு அந்நியமாவதில்லை.

2015-இல் இந்நிறுவனம் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளம் நூல்களைத் திறந்த உரிமத்தில் வழங்குகிறது. எவரும் படிக்கலாம்; எவரும் மொழிபெயர்க்கலாம். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் எவரும் மொழிபெயர்க்கலாம் என்ற நிலையில் மொழிச்சீர்மை தானாக அமைந்துவிடாது. அதற்கான அளவுகோலைத் தருவது தமிழ்த்துறைகளின் கடமை. அத்தகைய ஆய்வு போதிய அளவு நிகழவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

4. சொல்லெண்ணிக்கை என்னும் அளவுகோல்

மேற்கண்ட தளம் நூல்களை நான்கு படிகளாகப் பகுக்கிறது. முதற்படி 250 சொற்களுக்கு உட்பட்டது. இரண்டாம் படி 600 வரை. மூன்றாம் படி 1500 வரை. நான்காம் படி அதற்கு மேற்பட்டது. சொல் எளிமை, சொல் மீள வருதல் ஆகியனவும் கருதப்படினும் எண்ணிக்கையே வெளிப்படையான வரம்பாக நிற்கிறது. ஆங்கிலத்திற்கு இது ஓரளவு பொருந்தும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு இது பொருந்துமா?

இதனை விளக்க, இக்கட்டுரைக்கென அமைத்த இரு பகுதிகளை ஒப்பிடலாம்.

முதலாவது: "கனமான பொருட்களை உயர்த்துவதற்கு நெம்புகோல் என்னும் எந்திரம் பயன்படுத்தப்படுகிறது."

இரண்டாவது: "பெரிய கல் அசையவில்லை. பாட்டி பக்கத்தில் ஒரு சிறு கல்லை வைத்தாள். கோலை அதன்மேல் சாய்த்தாள். ஒரு நுனியைப் பெரிய கல்லின் அடியில் நுழைத்தாள். மறு நுனியை அழுத்தினாள், நெம்பினாள். பெரிய கல் அசைந்தது. நெம்பிய கோல் நெம்புகோல்."

முதலாவதில் 7 சொற்கள், இரண்டாவதில் 28. எண்ணிக்கை ஒன்றையே நோக்கின் முதலாவதே எளியது. ஆனால் 'பயன்படுத்தப்படுகிறது' என்பது 13 எழுத்துகளைக் கொண்ட ஒரே சொல், செயப்பாட்டு வினை, செய்பவர் இன்னார் என்பதும் அதில் இல்லை. எழுத்துக்கூட்டும் குழந்தை சொல்லின் இறுதியை அடையுமுன் தொடக்கத்தை மறந்துவிடும். இரண்டாவதில் வாக்கியங்கள் குறுகியவை; சொற்கள் மீள வருகின்றன; ஒவ்வொரு வினையையும் படத்தில் காட்டலாம். முதலாவதில் இடம்பெறாத ஓர் அறிவியல் உண்மையும் இதில் உண்டு: தாங்குபுள்ளி இன்றி நெம்புகோல் இல்லை. பாட்டி வைத்த சிறு கல் அதுவே. ஆகவே தமிழ் நூல்களைப் படிப்படுத்துகையில் சொல்லின் எண்ணிக்கையோடு சொல்லின் நீளம், விகுதிகளின் அடுக்கு, புணர்ச்சியால் வரும் மாற்றம் ஆகியவற்றையும் கணக்கிடுதல் வேண்டும்.

5. வினையும் கலைச்சொல்லும்

எளிய எந்திரங்கள் ஆறு என்பது வழக்கு: நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும். இவற்றின் தமிழ்ப் பெயர்கள் கடினமானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இலக்கண நோக்கில் பார்த்தால் நிலைமை வேறு. நெம்புகோல், சாய்தளம் ஆகியன வினைத்தொகைகள். திருகு என்பது வினைப்பகுதியே பெயராய் நின்றது. நெம்பு, சாய், திருகு என்னும் வினைகளை அறிந்த குழந்தைக்கு இப்பெயர்களின் பொருளும் பாதி விளங்கிவிடும். ஆங்கிலம் வழியே 'லீவர்' என்று கேட்கும் தமிழ்க் குழந்தைக்கு இவ்வுதவி கிட்டுவதில்லை.

மேலும், வினைத்தொகை முக்காலத்திற்கும் பொதுவாய் நிற்பது. நேற்று நெம்பிய கோல், இன்று நெம்புகின்ற கோல், நாளை நெம்பும் கோல் என மூன்றும் 'நெம்புகோல்' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். பாட்டி ஒருநாள் செய்த ஒரு செயலிலிருந்து எந்நாளும் நிகழும் ஒரு விதிக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதே அறிவியல் கல்வி. அவ்வழி தமிழ்ச் சொல்லாக்கத்திலேயே அமைந்திருக்கிறது எனலாம்.

எனவே நூலின் ஒழுங்கு வினையில் தொடங்கிக் கலைச்சொல்லில் முடிதல் சிறப்பு. முதற்பக்கத்திலேயே கலைச்சொல்லை நிறுத்தினால் அது மனப்பாடமாகும். கலைச்சொல்லை அறவே தவிர்த்தால் கதை மட்டும் எஞ்சும்; பொதுமைக் கருத்து உருவாகாது. கலைச்சொல் குழந்தைக்குச் சுமை என்பார் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சுமையாவது சொல் அன்று. அது வந்து நிற்கும் இடமே.

6. பொருளும் இடமும்

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் மற்றொரு சிக்கல் எடுத்துக்காட்டு. தமிழில் எளிய எந்திரம் என்றதும் ஏற்றம், கமலை, செக்கு, திருகை, கிணற்று இராட்டினம் ஆகியன நினைவிற்கு வரும். இவை செழுமையான சொற்கள். ஆயினும் பிரேசர் டவுனின் அடுக்ககத்தில் வளரும் குழந்தை இவற்றைக் கண்டதில்லை. அக்குழந்தை காண்பவை வேறு. வாசலில் ஸ்கூட்டர் ஏறுவதற்குச் சரிவாகப் பூசிய சிமெண்டுப் பாதை சாய்தளம். இளநீர்க்காரர் கையிலுள்ள அரிவாளின் முனை ஆப்பு. பஞ்சரான காரைத் தூக்கும் ஜாக்கியில் திருகு உண்டு. பாட்டில் மூடியிலும் திருகு உண்டு. அருகில் ஓடும் இருப்புப்பாதை, கண்டோன்மெண்டையும் ஜோலார்பேட்டையையும் 1864-இல் இணைத்த பாதை. சக்கரத்தையும் அச்சையும் விளக்க அதனினும் சிறந்த படம் வேண்டியதில்லை.

பழஞ்சொற்களை விட்டுவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கண்ட பொருளிலிருந்து காணாத பொருளுக்குச் செல்லுதல் வேண்டும் என்பதே. மூடியைத் திருகிய குழந்தைக்குத் திருகை என்ற சொல்லைப் பின்னர் அறிமுகம் செய்யலாம். அப்போது அது அருங்காட்சியகப் பொருளாக நில்லாது, தெரிந்த வினையின் உறவாக வந்து சேரும்.

7. முடிவுரை

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் நூல்களின் படிகளுக்கு நுழை, நட, ஓடு, பற எனப் பெயரிட்டுள்ளது. நான்கும் வினைகள். இது தற்செயலாயினும் நல்ல வழிகாட்டி. தொடக்க வாசிப்பு அறிவியல் நூல் வினையால் நடத்தல் வேண்டும். சொல்லின் நீளத்தை அளந்து படிப்படுத்தல் வேண்டும். குழந்தை வாழும் தெருவிலிருந்து பொருளை எடுத்தல் வேண்டும். இறுதியில் கலைச்சொல்லைக் கையில் தருதல் வேண்டும். இந்நான்கும் அமையாத நூலைப் படித்த குழந்தை, தமிழ் பாட்டியிடம் பேசுதற்குரியது, ஆங்கிலமே அறிதற்குரியது என்று முடிவு செய்யும். ஆறு வயதில் எடுக்கும் அம்முடிவைப் பதினாறு வயதில் மாற்றுதல் அரிது. தமிழ்த்துறைகள் இந்நூல்களைக் குழந்தைகளுக்குரியவை என ஒதுக்காமல் ஆய்வுக்குரியவை என ஏற்றுக்கொள்ளுதல் இன்றைய தேவையாகும்.