கையால் செய்த வாழ்த்து

பொங்கல் வாழ்த்து அட்டைக்கெல்லாம் விமரிசனமா என்று வாசகர்கள் சிரிக்கலாம். நாவலையும் சிறுகதையையும் எடை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றும் சொல்லலாம். சொல்லட்டும். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் கதை எழுதுவதில்லை, கவிதை எழுதுவதில்லை, படம் வரைந்து சுவரில் மாட்டுவதில்லை. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் ஒரு முறையாவது கத்தரிக்கோலும் பசையும் எடுத்து உட்கார்ந்து ஒரு வாழ்த்து அட்டை செய்திருக்கிறோம். பலருக்கு அதுதான் முதலும் கடைசியுமான கலைப் படைப்பு. அதைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுதினால் குற்றமில்லை.

முதலில் அச்சு அட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்கள் எழுத நேரமில்லாமல் போயிற்று. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, அதை ஆயிரம் பிரதிகள் போட்டார். விலை ஒரு ஷில்லிங். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு பக்கத்திலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். அச்சில் வந்தவை கோடுகள் மட்டுமே. வர்ணத்தைக் கையால்தான் பூசினார்கள். ஆகவே அச்சு அட்டை பிறந்தபோது பாதி கைவேலையாகத்தான் பிறந்தது. ஆனால் அது பிறந்த காரணத்தை நாம் மறக்கக் கூடாது. நேரமின்மைதான் அந்தக் காரணம்.

நம் ஊருக்கு வருவோம். திராவிட இயக்கத்தார் பொங்கலைத் தமிழர் திருநாள் என்று முன்னிறுத்திய பிறகு பொங்கல் வாழ்த்துக்குத் தனி மவுசு வந்தது. சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. மார்கழிக் கடைசியில் கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். நடிகர்கள், தலைவர்கள், சாமிகள் எல்லோரும் அந்தக் கயிற்றில் சரிசமமாக ஆடுவார்கள். உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போட்டால் தபால் செலவும் குறைவாக இருந்தது.

அந்த அட்டைகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அந்தப் படத்தில் வரும் உழவனின் வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. காளை குளித்துவிட்டு நேரே அச்சகத்துக்கு வந்தது போலிருக்கும். பானை பொங்கும், அடுப்பில் புகை இராது. உள்ளே நாலு வரிப் பாட்டு. 'பொங்கும்' என்றால் அடுத்து 'தங்கும்', அதற்கடுத்து 'எங்கும்'. அனுப்புகிறவரின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும் வாழ்த்து மாறாது. தந்தியில் இதைவிடச் சௌகரியம் இருந்தது. வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். எண்ணைக் குறித்தால் போதும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. இப்போது பொங்கலன்று விடிவதற்குள் கைப்பேசியில் நாற்பது பானைகள் பொங்கிவிடுகின்றன. எந்தப் பானை யார் வீட்டுப் பானை என்று யாருக்கும் தெரியாது.

கையால் செய்த அட்டையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் என்ன கிடக்கிறதோ அதைக்கொண்டு செய்வது அது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தோய்த்து ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ விழும். நூலை மையில் நனைத்து, மடித்த தாளுக்குள் வளைத்து வைத்து, மேலே புத்தகத்தை அழுத்திக்கொண்டு இழுத்தால் பெயர் தெரியாத ஒரு மலர் இரண்டு பக்கமும் விரியும். இலையைத் தாள்மேல் வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மைத்துளி தெறிக்கவிட்டால் இலை வெள்ளையாக நிற்கும். மைதா மாவைக் காய்ச்சினால் பசை. மடிப்பை விரலால் அழுத்தாமல் கரண்டிக் காம்பால் தேய்த்தால் கூர்மையாக விழும். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். எந்த வீட்டில் அவை இல்லை?

இப்போது கடைகளில் வெட்டிவைத்த பூ, வெட்டிவைத்த பானை, ஒட்டுவதற்குத் தயாரான சம்கி எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. அதில் செய்தது கைவேலைதான். ஆனால் கை மட்டும்தான் வேலை செய்கிறது.

அதற்காகக் கையால் செய்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பழைய காலண்டர் படத்தை வெட்டி ஒட்டி, அச்சு அட்டையைப் போலவே செய்துவிட்டோம் என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அச்சு அட்டை மாதிரி வேண்டுமென்றால் அச்சு அட்டையையே வாங்கிவிடலாமே! இன்னொரு வகை ஆர்வக் கோளாறு. சிறுவனாக இருந்தபோது நான் நிஜ நெல்லையே ஒட்டி ஒரு கதிர் செய்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். எடை கூடிவிட்டது. அவர் தபால்காரரிடம் அபராதம் கட்டி வாங்கிப் பிரித்தபோது, முத்திரைக் குத்தில் நெல் உமியாகி உறைக்குள் உதிர்ந்து கிடந்ததாம். தபாலில் போகவேண்டிய பொருள் என்பதை அந்தக் கலைஞன் மறந்துவிட்டான். உருவம் என்று விமரிசகர்கள் பெரிதாகப் பேசுகிறார்களே, அது இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அட்டை ஒன்றே ஒன்று. வேலைப்பாட்டில் அதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்க மாட்டேன். வெண்டைக்காய்ப் பூக்கள் கோணல். சூரியனை வளையலை வைத்து வரைந்திருக்கிறது. வளையல் நகர்ந்ததில் சூரியனுக்கு ஓரிடத்தில் இரண்டு விளிம்பு. 'மாமாவுக்கு' என்று எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே இறங்கியிருக்கிறது. என் அக்காவின் சின்னப் பெண் அனுப்பியது.

அப்போது அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். பூர்விக வீட்டைப் பங்கு பிரித்ததில் வந்த தகராறு. அவளுடைய மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தாய்மாமன் போகாத கல்யாணம். அதற்குமேல் விவரம் வேண்டாம்.

அட்டையின் உட்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. மைதாப் பசை காய்ந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தைச் சும்மா விரலால் இழுத்தேன். கீழே சிவப்பு அச்சு. அந்தக் கல்யாணப் பத்திரிகைதான். உறவினர் வரிசையில் முதலில், தாய்மாமன் என்று என் பெயர்.

எனக்கு வந்த பத்திரிகையை நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிந்திருந்தேன். என் பெயர் அதில் இருக்குமென்று நினைத்திருக்கவில்லை.

காணும் பொங்கலன்று பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்ற அக்கா, "வா தம்பி, இலை போட்டாச்சு" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. சாப்பிட்டபின் அந்தச் சிறுமியைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பத்திரிகையை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"வீட்டில் வேறு கெட்டி அட்டை இல்லை, மாமா."

விமரிசகன் என்ற முறையில் இதை எப்படி மதிப்பிடுவது? படைத்தவளுக்கு அந்த நோக்கமே கிடையாது. ஆனால் அந்த வீட்டின் இரண்டு வருஷ வருத்தம் அட்டைக்குள் இருந்தது. அது எந்தக் கடையிலும் விற்கிற சாமான் அல்ல. வீட்டில் கிடப்பதைக்கொண்டு செய்தால், வீட்டில் கிடப்பதெல்லாம் அதோடு கூட வந்துவிடுகிறது. நாம் வைத்ததும் வரும், வைக்காததும் வரும். நல்ல நாவல்களிலும் நான் கண்டது இதைத்தான்.

ஒரே ஒரு சந்தேகம். பரண்மேல் இருந்த அந்தக் கட்டைக் குழந்தைக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவள் கைக்குப் பரண் எட்டாது.