தட்டுக்கழியும் பாணியும்

பரதநாட்டியத்தில் பாணி என்றால் கை எவ்வளவு உயர்ந்தது, முழங்கால் எவ்வளவு மடிந்தது என்று பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. ஆடியவரின் உடலைவிட, பின்னால் நின்று தாளம் தட்டிய நட்டுவனாரின் காதுதான் பாணியை உண்டாக்கியது என்பது என் எண்ணம்.

இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒழுங்குபடுத்திய வரிசைதான் இன்றும் அரங்கேற்றத்தில் நடக்கிறது. அவர்கள் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) ஜதியை அடுக்கிக்கொண்டே போகமாட்டார். தீர்மானம் கச்சிதமாக விழும், அரைமண்டி நன்றாக உட்காரும், கோடு பிசகாது. வழுவூர் ராமையா பிள்ளையிடம் அதே சொல்லுக்கட்டு குழைந்து வரும். ஜதிக்கு நடுவே கோயில் தூணில் பார்த்த மாதிரி ஒரு நிலை, சட்டென்று ஒரு துள்ளல். அவருடைய சிஷ்யை குமாரி கமலா 'நாம் இருவர்' (1947) படத்தில் ஆட, அந்த நெளிவு டூரிங் கொட்டகை வரை போயிற்று. சினிமா நாட்டியத்தைக் கெடுத்தது என்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாலசரஸ்வதி தனி. வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்பப் பிள்ளையின் மாணவி. பதத்தின் ஒரே அடியைத் தானே பாடிக்கொண்டு விதவிதமாக அபிநயம் பிடிப்பார். பாட்டு அவருக்குள் இருந்தது. முத்திரை அதன் பின்னால் வந்தது. சங்கீதக்காரர்களுக்கென்றே இருந்த சங்கீத கலாநிதி விருதை மியூசிக் அகாடமி 1973-இல் அவருக்குக் கொடுத்தது பொருத்தம்தான்.

1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி சிருங்காரத்தை அடக்கினார். பாலசரஸ்வதி அதை ஒப்பவேயில்லை. பக்கவாத்தியம் மேடையோரத்துக்கு நகர்ந்தது. 'குற்றாலக் குறவஞ்சி' (1944) போன்ற நாட்டிய நாடகங்களில் பலர் ஒரே கோணத்தில் கை நீட்ட வேண்டும். அங்கசுத்தம் இவ்வளவு பெரிய அளவுகோலானதில் அதற்கும் பங்கு உண்டு. சுத்தம் வந்தது. பரம்பரை நட்டுவனாரின் பிடி தளர்ந்தது.

சந்திரலேகா 'அங்கிகா'வில் (1985) அடவோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் சேர்த்தபோது இது பரதமா என்று கேட்டார்கள். அரைமண்டியின் உறுதியைக் கவனித்திருந்தால் கேட்டிருக்க வேண்டியதில்லை.

என் மனக்குறை வேறிடத்தில். வர்ணத்தில் பாடகர் ஒரு சங்கதியைக் கூடப் பாடினால், ஆடுபவர் சஞ்சாரியை அதற்கேற்ப வளர்க்க வேண்டும். முடிக்கும் இடத்தை நட்டுவனார் கண்டு தட்டவேண்டும். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் ஒரு சங்கதி கூடப் பாடாது. அழைப்பிதழில் பந்தநல்லூர் என்று அச்சடித்துவிட்டு, ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டுக்கு ஆடுகிறவரிடம் எதை வைத்துப் பாணி பார்ப்பது?