மாதவிக்கு எழுதப்படாத பதில்

சங்க அகப்பாடல்களில் காதலின் இழப்பைத் தேடிப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பாலையில் பிரிவு உண்டு; நெய்தலில் இரங்கல் உண்டு. ஆனால் போனவன் கார்காலத்துக்குள் திரும்பிவிடுவான் என்ற நம்பிக்கை அந்தத் துயரங்களுக்கு அடியில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாசறையில் கிடந்து தலைவியை நினைப்பவனும் ஏங்குகிறானே தவிர, தான் பிழை செய்ததாக வருந்துவதில்லை. மருதத்துத் தலைவன் பணிந்து வருவான். அது ஊடல் தணிக்கும் பணிவு, உள்ளே சுடும் வருத்தம் அல்ல. ஏக்கத்தைப் பாடிப் பழகிய மரபில் ஆணின் வருத்தம் பிந்தித்தான் வந்தது.

அது முழு உருவம் கொள்ளும் இடம் சிலப்பதிகாரம். கானல்வரியில் மாதவி பாடிய பாட்டின் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்ட கோவலன், அவளைப் புகார்க் கடற்கரையிலேயே விட்டுப் போகிறான். தாழை மடலில் அவள் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய முதல் கடிதத்தை, ஆடல்மகளின் நடிப்பு என்று தள்ளுகிறான். இரண்டாவது கடிதம் மதுரை போகும் வழியில் கோசிகன் என்பவன் கையில் வந்து சேர்கிறது. இங்கே ஆசிரியர் இளங்கோ அவசரப்படுவதில்லை. ஓலையின் மண் இலச்சினையில் அவள் கூந்தலின் நெய்வாசம் இருக்கிறது. கூடியிருந்த காலத்து வாசம் அது. பிரிக்கவும் தோன்றாமல், விடவும் மனமில்லாமல் அதைக் கையில் வைத்திருக்கிறான் கோவலன். காப்பியத்தில் அவனை நான் மன்னிக்கும் இடம் இது ஒன்றுதான்.

படித்த பிறகு, பிழை அவளுடையதல்ல, தன்னுடையது என்று தெளிகிறான். அவளோ செய்யாத பிழைக்குப் பொறுத்தருளக் கேட்டு எழுதியிருக்கிறாள். அதற்கு அவன் செய்தது என்ன? தன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதற்கும் அந்த எழுத்தே பொருந்துகிறது என்று, ஓலையை அவர்களிடம் சேர்க்கச் சொல்கிறான். மாதவிக்கென்று ஒரு வரியும் எழுதவில்லை. மதுரையில் அவன் கொலையுண்ட பிறகு அவள் பௌத்தத் துறவு ஏற்கிறாள். அவன் தெளிந்தது அவளுக்குத் தெரிந்ததா என்பதைக் காப்பியம் பேசுவதில்லை.

நவீன எழுத்தில் இந்த வருத்தம் நினைவுக்குள் குடியேறிவிடுகிறது. மௌனியின் ஆண்கள் எட்ட முடியாத பெண்ணைச் சுற்றியே வாழ்கிறார்கள். நகுலனின் கவிதைகளிலும் நாவல்களிலும் சுசீலா திரும்பத் திரும்ப வருகிறாள். அழைப்பவனின் தனிமை நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது, அவள் முகம் தெரிவதில்லை. தமிழின் மிக அழகான பக்கங்களில் சில இவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இழக்கப்பட்டவள் பேச இடமில்லாமல் போனது ஒரு குறைதான்.

அந்த இடத்தை வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) தருகிறது. மீனவக் குடும்பத்துப் பிலோமி தன் காதலன் சாமிதாஸை இழக்கிறாள். வீடும் அதே காலத்தில் சரிந்துகொண்டிருக்கிறது. செய்யாத பிழைக்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனைச் சபிக்கவும் இல்லை. ஆசை தீராமலே அவனுக்கு நல்லதை நினைக்க அவளால் முடிகிறது.